பூனை மண் பண்டிதர்

நம்மவர் வீட்டுக்குப் போனால், உட்காரச் சொல்வதற்கு முன்னால் கையை நீட்டச் சொல்வார். நீட்டினால் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மண் விழும்.

"தேய்ச்சுப் பாருங்க சார். நைஸா இருக்குல்ல? இப்ப இதைப் பாருங்க."

மறு கையிலும் விழும். இரண்டு கையும் மண்ணான பிறகு அவர் மனைவி நீட்டுகிற காபியை வாங்க முடியாது. முன்னது களிமண், பின்னது சோயாச் சக்கை என்று அவர் விளக்கி முடிக்கிறவரை, டீப்பாயில் ஆறுகிற காபியைப் பார்த்தபடி கைகளை விரித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உங்கள் அபார்ட்மென்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். இல்லையென்றால் அவர் இன்னும் பூனை வளர்க்க ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

பூனைகள் இரண்டு. செல்வம், பட்டு. கார் பார்க்கிங்கில் பிறந்த நாட்டுப் பூனைகள். அவை என்ன சாப்பிடுகின்றன, தடுப்பூசி எப்போது போட்டது என்பதெல்லாம் வீட்டம்மாவைக் கேட்டால்தான் தெரியும். நம்மவருடைய துறை பின்பக்கம் மட்டும்.

ஆரம்பத்தில் அவரும் சாதாரண மனிதராகத்தான் இருந்தார். எதிர் மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு வாளி மணல் கேட்டு வாங்கி, பழைய பிளாஸ்டிக் பேசினில் கொட்டி வைத்தார். ஆற்று மணல் விற்கிற விலைக்கு அதைப் பூனைக்கு யார் தருவார்கள்? மேஸ்திரி தந்தது எம்-சாண்ட். செல்வம் அதில் ஒரு காலை வைத்தது, எடுத்தது, உதறியது. நேராக வாசலுக்குப் போய் மிதியடியில் காரியத்தை முடித்துக்கொண்டு வந்தது. அன்று ராத்திரி நம்மவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எழுந்தபோது பண்டிதராகத்தான் எழுந்தார்.

மறுநாளிலிருந்து லிஃப்டுக்குள் பாடம். வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியா வட ஆப்பிரிக்கா பக்கத்து வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தோண்டி, இருந்து, மூடிவிட்டுப் போகிற ஜாதி. அதனால் பாதத்துக்குப் பொடிமணல்தான் பிடிக்கும், கூரான கல் பிடிக்காது. தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடி வருவதற்குள் 1947-ஆம் ஆண்டுக்கு வந்துவிடுவார். நமக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் கணக்கில் அது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து எட் லோ, பக்கத்து வீட்டம்மாவுக்குப் பூனைக்கென்று ஒரு மூட்டைக் களிமண்ணைக் கொடுத்த வருஷம். அதுவரை அந்தம்மாள் போட்டுவந்தது அடுப்புச் சாம்பல். பூனை கரிக்காலோடு வீடெல்லாம் நடந்தது. எட் லோ கொடுத்ததோ, பட்டறைத் தரையில் சிந்துகிற எண்ணெயை உறிஞ்சுவதற்காக அவர் விற்றுவந்த உலர்ந்த களிமண். பூனைக்குப் பிடித்துப்போயிற்று. ஐந்து பவுண்டுப் பையில் போட்டு, 'கிட்டி லிட்டர்' என்று பெயரெழுதி, 65 சென்ட் விலை வைத்தார். சும்மா கிடைக்கிற மணலை விட்டு இதை யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர் கேட்க, முதலில் சும்மாவே கொடுங்கள் என்றாராம். பிறகு கோடீஸ்வரர்.

"அது என்ன மண்ணு தெரியுமா சார்? நம்ம முல்தானி மிட்டி வகைதான்!"

இதைச் சொன்ன அன்று அவர் மனைவி உள்ளே போய், முகத்துக்குப் பூச வாங்கி வைத்திருந்த பாக்கெட்டை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பரிசோதனையைத்தான் பொறுக்க முடியாது. எந்தப் புது மண் வந்தாலும் அது வீட்டுப் பூனைக்குப் போகும் முன் சாப்பாட்டு மேஜைக்கு வரும். எவர்சில்வர் கிண்ணங்களில் விரற்கடை அளவெடுத்து மண்ணை நிரப்புவார். பக்கத்தில் ஒரு சிரிஞ்சு, ஒரு தெர்மாமீட்டர், கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச்.

"பச்சைத் தண்ணியை ஊத்தி டெஸ்ட் பண்றாங்க பாருங்க, அதெல்லாம் ஏமாத்து வேலை. பூனை என்ன மினரல் வாட்டரா போகுது?"

கேட்கச் சகிக்காது என்றாலும் சொல்வது நிஜம். கட்டிபிடிக்கிற மண்ணில் இருப்பது பெண்டோனைட். தண்ணீர் பட்டதும் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உப்பு கலந்தால் அந்த வீக்கம் குறைந்துபோகும். ஆகவே நம்மவர் தண்ணீரில் உப்புப் போடுவார். போட்டுச் சூடு பண்ணுவார். பூனையின் உடம்புச் சூடு 38, 39 டிகிரி செல்சியஸ் என்பதால் தெர்மாமீட்டரை விட்டு விட்டுப் பார்ப்பார். அது பேரனுக்குக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இல்லை, வேறு என்று சொல்கிறார். நம்புவோம். பதம் வந்ததும் சிரிஞ்சில் உறிஞ்சி, கிண்ணத்தின் நடுவில் ஒரே சீராகப் பீய்ச்சுவார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. எதிரில் உட்கார்ந்து கேசரி சாப்பிடுகிற விருந்தாளிக்கும் அதே சட்டம்.

பிறகு கட்டியைக் கிளறி எடுத்துத் தட்டில் வைத்து, நெல் மண்டியில் சாம்பிள் பார்க்கிற வியாபாரி மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பார். உருண்டையாக இருந்தால் பாஸ். தட்டையாகப் பரவி அடிவரை இறங்கி ஒட்டிக்கொண்டால் ஃபெயில். பாஸானதற்கு அடுத்த கட்டம் உண்டு. இடுப்பு உயரத்திலிருந்து செய்தித்தாளின் மேல் கட்டியைப் போடுவார். உடைந்தால் அந்த மூட்டையின் கதை முடிந்தது. உடையாவிட்டால் நாம் ஏதாவது சொல்ல வேண்டும். "அருமை" என்று சொன்னேன் ஒருமுறை. "அருமைன்னா? எந்த விதத்துல?" என்று கேட்டார். அதிலிருந்து தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

கடைசியாக மோந்து பார்த்தல். கண்ணை மூடி, மூட்டை வாய்க்குள் மூக்கை விட்டு, இழுத்து, நிறுத்தி, விடுவார். லாவெண்டர் வாசனை போட்டது அவருக்கு ஆகாது. பூனை மூக்கு நம் மூக்கைவிடப் பல மடங்கு கூர்மையானது, நமக்கு மணமாக இருப்பது அதற்குத் தலைவலி என்பார். எலுமிச்சை வாசனை மண்ணைக் கண்டால் கோபமே வந்துவிடும். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை என்றால் பூனை விலகி ஓடும். "வராதேன்னு போர்டு மாட்டி விக்கிறான் சார்." இதுவும் சரிதான். இவர் தொல்லையே இதுதான், எல்லாவற்றையும் சரியாகச் சொல்லித் தொலைக்கிறார். விடைபெறும்போது சின்ன ஜிப்லாக் கவரில் சாம்பிள் கொடுத்தனுப்பவும் தவறுவதில்லை.

சோயா மண் கொஞ்ச நாள் ஆட்சியில் இருந்தது. ஐப்பசி மழையில் ஈரம் கோத்து எறும்பு வந்தது, ஆட்சி கவிழ்ந்தது. செருப்பு டப்பாவுக்குள் பொட்டலமாகக் கிடக்குமே, அந்த சிலிக்கா ஜெல்லைக் கண்ணாடிக் கல்லாகப் பெட்டி நிறையக் கொட்டினார். காலடியில் நறநறவென்று சத்தம் கேட்டு பட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மரத்தூள் குச்சிகள் வந்தன, போயின. கடைசியில் வாசனையில்லாத பொடி பெண்டோனைட்டே நிலைத்தது. வெளிநாட்டு லேபிள் ஒட்டின மூட்டைதான் வாங்குவார். குஜராத்தில் கட்ச் பக்கம் இதே மண்ணைத் தோண்டியெடுத்துக் கப்பலேற்றி அனுப்புகிறார்கள் என்று நான் சொன்னபோது முதல்முறையாக அவரிடம் பதிலில்லை. அரை நிமிஷம்.

பெட்டி விஷயத்திலும் சட்டம் உண்டு. எத்தனை பூனையோ அதைவிட ஒன்று கூடுதலாகப் பெட்டி வேண்டும். மூக்கிலிருந்து வால் தொடங்குகிற இடம்வரை அளந்து, அதைப்போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, சத்தம் போடுகிற வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலும் கூடாது. ஆக, அந்த வீட்டில் மனிதர்கள் ஐந்து பேர், கழிவறை இரண்டு. பூனைகள் இரண்டு, கழிவறை மூன்று. கூரை வைத்து, ஆடும் கதவு போட்ட ஒரு மாளிகையும் இடையில் வந்தது. பட்டு அதன் கூரைமேல் படுத்துத் தூங்குகிறது. பாக்கி இரண்டும் திறந்த பேசின்கள்.

நம்மவருடைய தாயார் கூடத்து மூலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். "எங்க வீட்டுப் பூனை கொல்லைக்குப் போகும். எங்கே போச்சுன்னு யாரும் கேட்டதில்லை" என்பார். ஒருநாள் பஜ்ஜி எடுக்கிற ஜல்லிக் கரண்டி பூனைப் பெட்டியில் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து அந்த வீட்டில் அவர் பஜ்ஜி சாப்பிடுவதில்லை.

பெண்டோனைட்டைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டால் அது குழாய்க்குள்ளும் வீங்கத்தான் செய்யும். இதை எங்கள் பிளாக்கில் பிளம்பர்தான் வந்து சொன்னார். பண்டிதர் சொல்லவில்லை. அசோசியேஷன் கூட்டத்தில் அன்று அவர் தலைவலி என்று வரவில்லை.

ஒரு நாள் ராத்திரி என் வீட்டுக் கதவைத் தட்டினார். லுங்கி, கையில் துண்டில் சுற்றின செல்வம். முகத்தில் ரத்தமில்லை. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகலானது. அடைத்துக்கொண்டு கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இது அவருக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அந்த நடுக்கம். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிவரை என் காரில் பின்சீட்டில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பெண்டோனைட் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. டாக்டர்கள் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். சில நாள் கழித்து வீட்டுக்கு வந்த செல்வம் பேசினில் முதல் கட்டியைப் போட்டபோது, அதைப் போட்டோ எடுத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே "எலுமிச்சம்பழ சைஸ்" என்று ஒரு வரி. எப்போதும் ஏதாவது குறை சொல்லும் செக்ரட்டரிகூட அன்று ஒரு பூ அனுப்பினார்.

அது சரி. அன்றைக்கு அடைப்பைக் கண்டுபிடித்தது யார்? பண்டிதர் ஹாலில் ஏதோ ஒரு மூட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, காலையிலேர்ந்து செல்வத்தோட பெட்டியில ஒரு கட்டிகூட இல்லீங்க. போய்ப் போய் உக்காருது, ஒண்ணும் வரலை" என்று சொன்னது அவர் மனைவி. ஏனென்றால் தினமும் அள்ளுகிறவர் அவர்தான். தேர்ந்தெடுப்பது, தேய்ப்பது, மோந்து பார்ப்பது எல்லாம் நம்மவர். குனிவது மட்டும் அந்தம்மாள். லிஃப்ட் வேலை செய்யாத அன்று பத்துக் கிலோ மூட்டையை வாட்ச்மேனோடு சேர்ந்து மேலே தூக்கி வந்ததும் அவர்தான். களிமண்ணைக் கொட்டும்போது எழும்புகிற தூசியில் அடுக்குத் தும்மல் போடுவதும் அவர்தான். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது, கர்ப்பிணி பூனைப் பெட்டியைத் தொடக் கூடாது, பூனை மலத்திலிருக்கிற டாக்ஸோபிளாஸ்மா கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும், ஒரு நாளுக்கு மேல் கிடந்தால்தான் அது தொற்றும் பக்குவத்துக்கு வரும், ஆகவே தினசரி அள்ளியே ஆக வேண்டும் என்று நம்மவர் ஒரு பிரசங்கமே செய்தார். எல்லாம் சரி. செய்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

இவ்வளவு படித்தவருக்கு ஒரு சங்கதி மட்டும் ஏறவில்லை. பூனை பெட்டியை வெறுப்பதற்கு முதல் காரணம், பெரும்பாலும் அதை யாரும் அள்ளாததுதான். பொடியாக, வாசனையில்லாமல் ஏதோ ஒரு மண் இரண்டு மூன்று அங்குலத்துக்கு இருந்து, நாளுக்கு இரண்டு வேளை யாராவது அள்ளி, குறைந்ததை நிரப்பி, அவ்வப்போது பேசினைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தால் செல்வத்துக்குப் போதும். மூட்டையில் எந்த ஊர் லேபிள் இருக்கிறது என்று அது கேட்டதே இல்லை.

ஆகவே ஐயா, அடுத்த மூட்டைக்கு ஆர்டர் போடும் முன் ஒரு மாதம் கரண்டியை நீங்கள் பிடியுங்கள். அள்ளினதை இரட்டைப் பையில் கட்டி, குப்பை எடுக்க வருகிற பெண்ணிடம் இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். இன்னொன்றும் உண்டு, நேரில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு இனிமேல் சாம்பிள் கொடுத்தனுப்பாதீர்கள். எங்களிடம் பூனை இல்லை.