பேருந்து வேட்பாளர்

நியூசிலாந்தில் 1989ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சீர்திருத்தத்தின்போது உருவாக்கப்பட்ட சமூக வாரியம் என்பது, நகர மன்றத்துக்குக் கீழே நின்று, தன் வட்டாரத்து மக்களின் குறைகளைக் கேட்டு மன்றத்தின் காதில் போடுவதற்கென்று அமைக்கப்படும், நான்கு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவாகும். வரி விதிக்கவோ, சொத்து வாங்கவோ, ஓர் எழுத்தரைத் தானாக வேலைக்கு வைக்கவோ அதற்கு அதிகாரம் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதற்குத் தேர்தல் வருகிறது. கூடவே, பேருந்து வேட்பாளர் என்று அழைக்கத்தக்க ஒரு மனிதவகையும் வந்துசேர்கிறது.

ஊரார் வீட்டு நெய்யைத் தாராளமாக ஊற்றும் கை இவருடையது. வெலிங்டன் நகரத்தின் இரண்டு சமூக வாரியங்களுள் ஒன்று இயங்கும் தாவாவை எடுத்துக்கொண்டால் (இது ஒரு மரத்தின் மாவோரிப் பெயரே அன்றி, நம் நீதிமன்றங்களில் வழக்கைக் குறிக்கும் தாவா அன்று, தேர்தல் மாதத்தில் மட்டும் வேறுபாடு புலப்படுவது கடினம்), அங்கே பேருந்தின் தடத்தையும் நேரத்தையும் வகுப்பது வட்டார மன்றம், பேருந்து நிற்கும் தெரு நகர மன்றத்துக்குரியது, நெடுஞ்சாலை நடுவண் அரசின் போக்குவரத்து முகமைக்குரியது, நான்கு ரயில் நிலையங்களைத் தொட்டுச் செல்லும் தண்டவாளமோ அரசின் ரயில் நிறுவனமான கிவிரெயிலுக்குரியது. இவை நான்கும் போக எஞ்சிய போக்குவரத்து முழுவதையும் சீர்செய்வதாக நம் வேட்பாளர் வாக்களித்திருந்தால் யாரும் குறைசொல்ல முடியாது. அவர் வாக்களிப்பதோ இந்த நான்கையும்தான்.

இவருடைய இலக்கியத் திறன் தனியே ஆராயத்தக்கது. வாக்குச்சீட்டோடு அஞ்சலில் வீடுவீடாகச் செல்லும் வேட்பாளர் அறிக்கை 150 சொற்களைத் தாண்டக்கூடாது என்று சட்டம் வரையறுத்திருப்பதால், மனைவி மக்களை ஐந்து சொற்களிலும் தொழிலை நான்கு சொற்களிலும் முடித்துவிட்டு, மிச்சத்தைத் தாமதமாக வரும் பேருந்துக்கும், மிதிவண்டித் தடம் விழுங்கிய வாகன நிறுத்துமிடங்களுக்கும், சாலைப் பணி நடக்கும் இடத்தில் தடுப்பாக வைக்கப்படும் செம்மஞ்சள் கூம்புகளுக்கும் இவர் பங்கிடுகிறார். 2025 ஜூன் மாதத்தில் அரசே கூம்புகள் மிகுந்துவிட்டதைப் பற்றிப் புகார் சொல்வதற்கென ஒரு வசதியைத் திறந்தபோது, தம் வாழ்நாள் ஆய்வு பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்ட அறிஞரைப் போல இவர் பூரித்திருப்பார் என்பதில் ஐயமில்லை. வெலிங்டனின் பேருந்துத் தடங்கள் ஒரே மூச்சில் மாற்றியமைக்கப்பட்டு, நேரே சென்றவர்கள் இறங்கி ஏற நேர்ந்த 2018 ஜூலையையோ, இவர் காலக்கணக்கின் தொடக்கமாகவே கொள்கிறார். திருமணங்கள்கூட அதற்கு முன் அல்லது பின் என்றே இவர் நினைவில் பதிந்துள்ளன.

இருக்கைகளின் எண்ணிக்கைக்கு மேல் வேட்பாளர்கள் இல்லாதபோது வாக்குப்பதிவே இன்றி அனைவரும் தேர்வாகிவிடுவது இத்தேர்தல்களில் அரிதன்று. அத்தகைய வெற்றிக்குப் பிறகும் நன்றி சொல்ல இவர் தெருத்தெருவாகச் செல்வதுண்டு. எதற்கு நன்றி என்று கதவைத் திறந்தவர்கள் கேட்பதுமுண்டு.

மூன்றாண்டுகள் கழித்து இவர் எழுதும் அடுத்த அறிக்கையில் பேருந்தும் கூம்பும் அப்படியே இருக்க, வினைச்சொற்கள் மட்டும் மாறியிருக்கும்: ‘கொண்டுவருவேன்’ என்றிருந்த இடத்தில் ‘வலியுறுத்தினேன்’ என்றும், ‘அகற்றுவேன்’ என்றிருந்த இடத்தில் ‘கவனத்துக்குக் கொண்டுசென்றேன்’ என்றும் காணப்படும். பின்னதற்கு ஒரு சொல் கூடுதலாகச் செலவாவதால், தொழிலுக்கு இம்முறை மூன்றே சொற்கள்.