மே-பீ சார்

தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் என்று ஏரியும் வீடுமாக விரிந்து கிடக்கும் பிரதேசத்தில், எப்பேர்ப்பட்ட கேள்வி கேட்கப்பட்டாலும் நிச்சயமான விடை என்று ஒன்று தம் வாயிலிருந்து தவறிக்கூட வெளிப்பட்டுவிடக் கூடாது என்று விரதம் பூண்ட பெரியவர், தெருவுக்கு ஒருவராவது வசித்து வருகிறார். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் தொடங்கி 2004 வரை ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயிலில், ஜன்னலோரத்து இடத்தைப் பிடித்துக் கோட்டை ஸ்டேஷன் வரை போய்த் திரும்பியே உத்தியோக காலத்தைக் கழித்து, சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்று, எப்போதோ வாங்கிப் போட்ட ஒரு கிரவுண்டில் மாடி வைத்த வீடு கட்டிக்கொண்டு, வாசல் வராந்தாவில் பிரம்பு நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் இந்தப் பிரகிருதிக்குப் பெற்றோர் இட்ட பெயர் பென்ஷன் புத்தகத்தில் மட்டுமே வழங்குகிறது. ஊராருக்கு அவர் 'மே-பீ சார்'.

மணி என்ன என்று கேட்டால், கைக்கடிகாரத்தைத் தீர்க்கமாகப் பார்த்துவிட்டு, "இட் மே பீ ஃபைவ்" என்பார். வேளச்சேரி பஸ் போய்விட்டதா என்று கேட்டால், அந்த பஸ் கிளப்பிய புழுதி கண்ணெதிரே அடங்காமல் நிற்கும்போதே, "இட் மைட் ஹாவ் கான்" என்பார். மடியில் உட்கார்ந்திருந்த குழந்தையைக் காட்டி, "இது உங்கள் பேரனா சார்?" என்று கேட்டவரிடம் அவர் என்ன சொன்னார் என்பது பற்றித் தெருவில் ஒரு கதை உலவுகிறது, மருமகளின் கௌரவத்தை உத்தேசித்து அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

மற்ற சம்பாஷணைகளை எல்லாம் நல்ல தமிழிலேயே நடத்துகிறவர், சந்தேகத்தை மட்டும் இங்கிலீஷில் வெளியிடுவானேன் என்று கேட்கலாம். தமிழில் 'வரலாம்' என்று சொன்னால், கேட்டவர் அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு குடும்ப சமேதராக வந்து நிற்கிறார். 'பார்க்கலாம்' என்று சொன்னாலோ, கைவிரித்துவிட்டார் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறார். இந்த இரண்டு அபாயங்களுக்கும் இடமில்லாமல், பட்டும் படாமலும் நிற்பதற்கு இங்கிலீஷ் துணை வினைகளைப் போல் சௌகரியமானவை வேறில்லை என்பது அவருடைய சித்தாந்தம். அவற்றுள்ளும் அவர் தரம் பிரித்து வைத்திருக்கிறார். 'மே' என்றால் பாதிக்குப் பாதி; 'மைட்' என்றால் அதற்கு ஒரு படி கீழே; 'குட்' என்பது, சாஸ்திரப்படி சாத்தியம், நடைமுறையில் தாம் ஜாமீன் இல்லை என்று பொருள்; 'மைட் பாஸிப்லி' வந்துவிட்டாலோ, கேட்டவர் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். 'மைட்'டில் சந்தேகம் சற்று அதிகம் என்று அவருடைய பள்ளிக்கூடத்து ஆசிரியர் பிரம்போடு போதித்தது என்னவோ வாஸ்தவம். ஆனால் அந்த பாஷைக்குச் சொந்தக்காரர்களே அன்றாடப் பேச்சில் இப்போது இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே வழங்குகிறார்கள் என்ற செய்தி இன்னும் சேலையூருக்கு வந்து சேரவில்லை.

ஒரு சமயம் பெண் வீட்டார் ஒருவர், எதிர் வீட்டுப் பையனைப் பற்றி விசாரிக்க வந்தார். பையன் சொக்கத் தங்கம். நம்மவருக்கும் அவன்பேரில் நல்ல அபிமானம். அந்த அபிமானம் முழுவதையும் திரட்டி அவர் சொன்ன வாக்கியம், "ஹீ குட் பீ எ குட் பாய்" என்பது. முயன்றால் நல்லவனாகக்கூடும், இப்போது அப்படி இல்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்ட அந்த மனிதர், வெளியிலே வைத்த செருப்பைக்கூடச் சரியாக மாட்டிக்கொள்ளாமல் ஓடினார். பிறகு மே-பீ சாருடைய சம்சாரம் நேரில் போய், இங்கிலீஷ் வாடையே இல்லாமல் நாலு வார்த்தை பேசித்தான் அந்தக் கல்யாணம் நடந்தேறியது.

இதில் அவரை மட்டும் பழிப்பது நியாயமாகாது. இந்தப் பிராந்தியத்தின் ஜாதகமே அப்படி. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பல ஆண்டுகள் பேச்சளவிலேயே நடமாடிக்கொண்டிருந்தது. "இட் குட் கம்" என்று அவரும் அத்தனை ஆண்டுகளும் சொல்லிக்கொண்டிருந்தார். 2023 டிசம்பர் 30-ந் தேதி அதைத் திறந்துவைத்ததும், "நான்தான் அப்போதே சொன்னேனே" என்று ஒரு மாத காலம் நிமிர்ந்து நடந்தார். திறக்காமல் போயிருந்தாலும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பார் என்பதைக் கவனிக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரைக்கும் மெட்ரோ ரயில் நீளப்போகிறது என்ற பேச்சுக்கு அவர் வழங்கியிருப்பது 'மைட்'.

நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்தைத் தம் பங்காளி என்று அவர் கருதுகிறார். "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்ற அறிவிப்பைக் கேட்கும்போதெல்லாம், தம் மரபு அழியவில்லை என்று புளகாங்கிதம் அடைகிறார். ஆனால் இந்த உறவை நான் அங்கீகரிக்க மாட்டேன். 'ஓரிரு இடங்கள்' என்றால் மழைமானிகள் உள்ள நிலையங்களில் நூற்றுக்கு 25-க்கு மேற்படாதவை, 'சில இடங்கள்' என்றால் 50 வரை, 'பல இடங்கள்' என்றால் 75 வரை என்று அவர்கள் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் சந்தேகத்தை அளந்து சொல்கிறவர்கள். நம்மவர் அளக்காமல் இருப்பதற்காகச் சந்தேகப்படுகிறவர். 2015 டிசம்பர் 1-ந் தேதி காலையில், "இன்றைக்கு மழை பலமாக இருக்குமா?" என்று கேட்ட பால்காரரிடம் "இட் மைட் ரெயின்" என்றார். மறுநாள் காலை வரையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்து, முடிச்சூர்ப் பக்கம் தெருவுக்குள் படகு விட்டார்கள். வாசற்படியில் மூன்றாவது படிக்குத் தண்ணீர் ஏறியபோதும், "இட் மே என்டர்" என்று அவர் ஆராய்ந்துகொண்டிருக்க, அந்த அம்மாள் அரிசி மூட்டையைத் தனியாகவே மாடிக்கு இழுத்துப் போனாள்.

இந்த வியாதியின் மூலகாரணம் ஆபீஸ் கோப்பு. அங்கே 'மே' என்பது சந்தேகம் அன்று; அது முகமூடி அணிந்த உத்தரவு. 'மனுதாரருக்குத் தெரிவிக்கப்படலாம்' என்ற குறிப்பு கீழிருந்து மேலே போனால் யோசனை. மேலிருந்து கீழே வந்தால் கட்டளை. காரியம் கெட்டுப்போய் விசாரணை என்று வந்துவிட்டாலோ, யாரும் எதையும் கட்டளையிடவே இல்லை, 'லாம்' என்றுதானே எழுதியிருக்கிறது! கையெழுத்துக்கு அஞ்சும் உத்தியோகஸ்தர்களை முப்பது வருஷம் காப்பாற்றிய இந்தக் கவசத்தை ஓய்வு பெற்ற மாத்திரத்தில் கழற்றி வைக்க யாருக்குத்தான் மனம் வரும்?

மாடியில் சிறுசேரியில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் ஓர் இளைஞன் குடியிருக்கிறான். அவனைக் காலி செய்யச் சொல்ல வேண்டி வந்தபோது, நம்மவர் தம் பழைய தோரணையில், "யூ மே வெக்கேட் தி போர்ஷன் பை தி எண்ட் ஆஃப் தி மன்த்" என்று எழுதி அனுப்பினார். அவருடைய பரிபாஷையில் இது ஜப்தி நோட்டீஸுக்குச் சமானம். இளைஞனோ, விருப்பமிருந்தால் போகலாம் என்று பெரியவர் பெருந்தன்மையோடு அனுமதி தந்திருக்கிறார் என்று படித்து, "தேங்க்யூ அங்கிள்" என்று பதில் எழுதி, அரைக்கிலோ மைசூர்பாகும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டான். அவன் பயின்ற குருகுலம் வேறு. அமெரிக்காவிலிருக்கும் அவனுடைய மேலதிகாரி, "யூ மைட் வான்ட் டு டேக் எ லுக் அட் திஸ்" என்று ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வரி அனுப்பினால், சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓட வேண்டும் என்பது அங்கே பாடம். ஆகையால், மாடிப்படியில் எதிர்ப்பட்ட பெரியவர் பேச்சுவாக்கில், "தேர் மைட் பீ எ லீக் இன் தி டேங்க்" என்று சொல்லி வைத்தபோது, அவன் அன்று மாலையே பிளம்பரை அழைத்துவந்து, ஒழுகாத தொட்டியைத் தன் செலவில் பிரித்து மாட்டினான். அன்றிலிருந்து அது ஒழுகுகிறது.

சென்ற மாதம் அவனிடமிருந்தே ஒரு கடிதம் வந்தது: "வீ மைட் மூவ் நெக்ஸ்ட் மன்த்." நாட்டிலே இலக்கணம் அறிந்த இளைஞன் ஒருவனாவது மிஞ்சியிருக்கிறானே என்று பெரியவர் அதை மூன்று முறை உரக்கப் படித்தார்.

"அப்படின்னா போறானா, இல்லையாங்க? போர்டு மாட்டணுமா, வேண்டாமா?" என்றாள் அந்த அம்மாள்.

நெடுநேரம் சிந்தித்து, அட்டை ஒன்றைத் தேடி எடுத்து, குண்டு குண்டான கையெழுத்தில் அவரே எழுதி கேட்டில் கட்டியிருக்கிறார்: "மாடிப் போர்ஷன் வாடகைக்கு விடப்படலாம்." அதைப் படித்துவிட்டுத் தரகர்கள் நாள் முழுதும் மணியடித்த வண்ணம் இருக்கிறார்கள். கதவைத் திறக்கும் பொறுப்பை அந்த அம்மாள் தன்வசம் வைத்துக்கொண்டிருக்கிறாள். "காலி இல்லை" என்று சொல்லிச் சாத்திவிடுகிறாள்.