பட்டாசலும் சாப்பாட்டு மேசையும்: ஓர் அளவையியல் ஆய்வு

சிறிய பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், எழிலான உணவருந்துமிடம் அமைப்பது குறித்து உலக அறிஞர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். அவர்களில் ஒருவரும் சூரியகாந்தி பூக்கும் மாதத்தில் சுந்தரபாண்டியபுரத்தில் குடியிருந்தவர் இல்லை. இவ்வாய்வின் தேவை அதுவே. ‘ரோஜா’ (1992) எடுத்த ஊர், ‘அந்நியன்’ (2005) பாட்டுக்காகப் பாறைகளில் நடிகர்களின் முகங்களைத் தீட்டிய ஊர். ஜூலை, ஆகஸ்டில் பூப் பார்க்கவும், அப்படியே குற்றாலத்தில் குளிக்கவும் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வருவார்கள். எல்லோருக்கும் பசிக்கும்.

ஆய்வுக்களம், 12 அடிக்கு 10 அடி பட்டாசல். நாலு பேர் மேசை என்று கடையில் விற்பது ஏறக்குறைய 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம். பார்க்கச் சாது. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழ இருபுறமும் மும்மூன்று அடி கேட்கும். ஆக 34 சதுர அடி, கால்பங்குக்கு மேல், நாலு பேருக்குப் பட்டா போட்டாயிற்று.

அதே பட்டாசலில் பந்திப்பாய் விரித்தால் கணக்கு வேறு. ஆளுக்கு 2 அடி அகலம். ஆளும் இலையுமாக மூன்றரை அடி ஆழம். சுவரோரம் வரிசைக்கு 6 பேர், எதிரெதிரே 12 பேர், நடுவில் சாம்பார் வாளியோடு நடக்க 3 அடி. (டிவி ஸ்டாண்டையும் பீரோவையும் இவ்வாய்வு கருத்தில் கொள்ளவில்லை.) இலையெடுத்துத் துடைத்துவிட்டால், அங்கே பந்தி நடந்த சுவடே இருக்காது.

மேசைக்கு மேலே விளக்குத் தொங்கவிடச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் அந்த இடம் ஃபேனுக்கு உரியது. போட்டால் அப்பளம் பறக்கும். சாரல் காலமென்றால் ஜன்னலைத் திறந்தாலே போதும், இலையே பறக்கும்.

மேசையின் பெருங்குறை, அது காலியாகவே இருக்காது. முதலில் ஊறுகாய்ப் பாட்டில் தங்கும். அடியில் எண்ணெய் வட்டம் விழும். துணைக்கு மாத்திரை டப்பா, கரண்ட் அட்டை, ரேஷன் கார்டு, யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ ஒன்று. நாற்காலி முதுகில் ஈரத்துண்டு. மூன்றாம் மாதம் குடும்பமே தரையில் பேப்பர் விரித்துப் பார்சல் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே சுவரில் கீல் வைத்த மடக்குப் பலகையே எழிலானது என இவ்வாய்வு துணிகிறது. மடக்க வேண்டுமானால் காலி செய்தே தீரவேண்டும். கரண்ட் அட்டை வேறிடம் பார்த்துக்கொள்ளும். இரண்டு பேர் அளவு போதும். நம் பக்கம் மேசையைக் கொண்டுவந்தது நாகரிகம் என்பார்கள். முழங்கால் வலி என்பது எம் கட்சி.

ஆனால் வலியை ஒப்புக்கொள்ளத்தான் ஆள் கிடையாது. “மாமா, நீங்க டேபிள்ல உக்காருங்க” என்றால், “நான் கீழயே இருந்துக்கிடுதேன்மா, எனக்கென்ன வயசா ஆச்சு” என்று பதில் வரும். மோர்ச்சோறு வரை சம்மணம் கலையாது. எழும்போதுதான் கை பலகையைத் தேடும். எனவே தாங்கிக் கம்பி வாங்கும்போது தட்டும் தண்ணிச் செம்பும் என்ன கனம் என்று யோசிக்க வேண்டாம். மாமா என்ன கனம் என்று பார்த்து வாங்கவும்.