அப்பாவின் மாத்திரை, தம்பி மகனின் ஊசி

அப்பாவுக்கு டி.பி. என்று தெரிந்தபோது நாங்கள் புளியந்தோப்பில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். ஒரே அறை, ஆறு பேர். அந்தக் காலத்தில் டி.பி.க்கு முறையான வைத்தியம் என்றால் சானடோரியம்தான்: நல்ல காற்று, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. இங்கிலாந்தில் சானடோரியம் நடத்திய டாக்டர் சௌரி முத்து 1928-ல் தாம்பரத்திலும் ஒன்றைத் தொடங்கியிருந்தார். ஆனால் அங்கே கட்டில் கிடைப்பது குதிரைக் கொம்பு.

அப்பாவைச் சேத்துப்பட்டுக்கு அழைத்துப் போனார்கள். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து அங்கே ஒரு மையம் தொடங்கியிருந்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் பொறுப்பில் இருந்தார். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் மீதிப் பேரை வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷத்துக்கு. அப்பாவுக்கு ‘வீடு’ என்று விழுந்தது.

பாஸ் என்ற அந்த மருந்தைத் தினமும் விழுங்குவதே பெரும்பாடு. வயிற்றைப் புரட்டும். ஒருநாள் சாப்பிடாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தால், சொல்லாமல் கொள்ளாமல் மையத்து அம்மா வந்து நிற்பார். டப்பாவைக் கவிழ்த்து மீதி மருந்தை எண்ணுவார். சிறுநீரும் வாங்கிப் போவார். எங்கள் சந்துக்குள் அரசாங்க ஆள் ஒருவர் எங்களைத் தேடி வந்ததே அம்மாவுக்கு அதிசயம்.

1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் அரைவயிறு சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் நன்றாகச் சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் அதனால் தொற்று கூடவில்லை. பணக்கார நாடுகளின் சானடோரியங்களே காலியாகத் தொடங்கியதில் சேத்துப்பட்டுக்கும் பங்குண்டு. ஏழையின் குடிசையிலும் அதே குணம் கிடைக்குமா என்று அன்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே அந்த மையத்தைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

பிறகு கேள்வியே மாறிப்போனது. ஏழை நாட்டுக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1997-க்குப் பிறகு வந்த தேசியத் திட்டத்தில் வாரம் மூன்று நாள் மட்டும் மருந்து. ஊழியர் கண்முன்னால் விழுங்கவைக்க அது வசதி என்பது உண்மைதான். விட்டுவிட்டுக் கொடுக்கும் முறையைச் சோதித்ததிலும் சேத்துப்பட்டுக்குப் பங்குண்டு. ஆனால் தினமும் கொடுப்பதே மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் சொன்ன பிறகும் இங்கே மாறவில்லை. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் ஒரு நோயாளி தினமும் சாப்பிட்ட மருந்தை இங்கே ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டார்கள். கிருமிக்கு நாடு தெரியாது.

இந்தக் காலத்தில்தான் என் தம்பி மகனுக்கு மருந்துக்கு மசியாத டி.பி. வந்தது. மாதக்கணக்கில் கானமைசின் ஊசி. ஒருநாள் அடுப்பங்கரையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பவே இல்லை. தோளைத் தொட்டேன். “என்ன அத்தை, கூப்பிட்டீங்களா?” என்றான்.

அந்த ஊசி உட்காதைக் கெடுக்கும், கெட்டது திரும்பாது. லண்டனில் நர்ஸாக இருக்கும் என் மகளிடம் சொன்னபோது அழுதுவிட்டாள். “ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே காது டெஸ்ட் எடுப்போம்மா. அப்புறமும் எடுத்துக்கிட்டே இருப்போம். குறையிதுன்னா நிறுத்திடுவோம்.” தம்பி மகன் போன இடத்தில் காது டெஸ்ட் எடுக்கும் கருவியே இல்லை.

காதைக் கெடுக்காத பெடாகுலின் மாத்திரைக்கு அமெரிக்கா 2012 டிசம்பரிலேயே அனுமதி கொடுத்திருந்தது. இந்தியாவில் 2016-ல் ஐந்து நகரங்களில் ஆறு இடங்களில் மட்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். காசில்லை, அதனால் தாமதம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்மைப் போலவே டி.பி.யால் அல்லாடும் தென்னாப்பிரிக்கா 2018-லேயே ஊசியை விட்டுவிட்டு அந்த மாத்திரைக்கு மாறியது. கானமைசினைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் வந்தது 2019-ல்தான். அந்த மாத்திரையின் காப்புரிமையை நீட்டிக்கக் கூடாது என்று இந்தியாவில் ஆட்சேபித்து 2023-ல் வென்றவர்கள் இருவர்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. இருவருமே டி.பி. மருந்தால் காது இழந்தவர்கள்.

இன்று இப்படிப்பட்ட டி.பி.க்கு ஆறு மாத வைத்தியம், மாத்திரை மட்டும். 2024-ல் இந்தியா அதற்கு அனுமதி அளித்துவிட்டது. எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் முந்தைய ஊசியால் காது போனவர்கள் ஊரூராக இருக்கிறார்கள். காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவியை நம் மாநிலக் காப்பீட்டில் சின்னக் குழந்தைகளுக்குத்தான் தருகிறார்கள். என் தம்பி மகன் வயதுவந்தவன். அரசாங்கம் போட்ட ஊசியில்தான் அவன் காது போனது. அந்தக் கருவியை அரசாங்கமே அவனுக்கும் அவனைப் போன்ற எல்லோருக்கும் தர வேண்டும்.