எரிவதற்கு அனுமதி வேண்டாம்

திருச்சி அரியமங்கலம் குப்பைக் கிடங்கு எத்தனையோ கோடைகளில் பற்றி எரிந்திருக்கிறது. அதற்காக யாரும் மனு எழுதவில்லை, எந்த உதவிப் பொறியாளரும் வந்து எஸ்டிமேட் போடவில்லை. 47 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் கிடங்கு அது. புகை பக்கத்திலுள்ள காட்டூருக்கும் பால்பண்ணைக்கும் வீடு தேடிப் போனது, கட்டணம்கூடக் கிடையாது. பிறகு ஸ்மார்ட் சிட்டிப் பணத்தில் பயோமைனிங் என்று குப்பை மலையைச் சலித்துக் கரைக்கத் தொடங்கினார்கள். நல்லது, கரைக்கட்டும்.

அதே வெயிலை மொட்டைமாடியில் பிடித்து கரண்ட் எடுக்கலாம் என்று நினைத்துப் பாருங்கள். அப்போதுதான் நிர்வாகத்துக்கு உயிர் வரும்! 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் என்று ஒன்றிய அரசு விளம்பரம் செய்கிறது. 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வே வேண்டாம் என்று 2024-இல் விதியையும் திருத்தியாயிற்று. விதி டெல்லியில் திருந்திவிட்டது. மீட்டர் நம்மூர் மின்வாரிய கவுண்டரில் அல்லவா இருக்கிறது?

“இருவழி மீட்டர் ஸ்டாக் இல்ல சார். வந்தா போன் பண்றோம்.”

போன் வராது. மாடியில் பேனல் பளபளக்கும், கீழே பழைய மீட்டர் சுற்றும், கரண்ட் பில் வழக்கம்போல் வரும். கடன் வாங்கிப் பேனல் போட்டவர் தவணையையும் சேர்த்துக் கட்டுவார்.

வீட்டுக்காரராவது காத்திருந்தால் போதும். பெல் நிறுவன ஆர்டரை நம்பிப் பிழைக்கும் பட்டறைக்காரரின் கதை இதைவிட அழகு. கூரை அவருடையது, காசும் அவருடையது. மேலே விளைந்த கரண்ட் நேராகக் கீழே இறங்கி வெல்டிங் மெஷினுக்குள் போகிறது. தெருக்கம்பத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருந்தாலும் மின்வாரியத்துக்கு நெட்வொர்க் கட்டணம் உண்டு, அதுவும் உற்பத்தியான மொத்த யூனிட்டுக்கும்! சிறுதொழில்காரர்கள் போராடிய பிறகு 2023-இல் பாதியைக் குறைத்தார்கள். வழிப்பறிக்காரன் பர்ஸில் பாதியைத் திருப்பித் தந்தால் அவனுக்கு மாலை போட வேண்டுமாம்.

சூரியனின் அருமை அரசு நிர்வாகத்துக்குத் தெரியாதா? பஞ்சப்பூரில் மாநகராட்சியே 2.4 மெகாவாட் சூரிய மின்நிலையம் வைத்திருக்கிறது. தங்களுக்கு என்றால் நிலம், மீட்டர், கையெழுத்து எல்லாம் தானாக வந்து நிற்கிறது. குடிமகனுக்கு மட்டும் ஸ்டாக் இல்லை.

மின்வாரியத்தாரே, ஒவ்வொரு பிரிவு அலுவலக வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். சோலார் மனு வந்த தேதி, மீட்டர் மாட்டிய தேதி, இரண்டையும் அதில் எழுதுங்கள். கம்பத்தைத் தொடாத கரண்டுக்கு வாங்கும் மீதிப் பாதியையும் விட்டுவிடுங்கள்.