சுவர் முதல் சுவர் வரை, இரத்தம் சிந்தாமல்

ஸ்காபரோவில் வீடு வாங்கியாயிற்று. பேஸ்மென்டுக்குக் கார்ப்பெட் போட வந்தவர் சொன்ன கூலியைக் கேட்டு, "இது என்ன பெரிய வித்தை, நானே போடுறன்" என்று மனைவி காதில் விழும்படி சொல்லியும் ஆயிற்று. இனிமேல் மானப் பிரச்சினை. மேலே படியுங்கள்.

முதலில் சப்பாத்தைப் போடுங்கள். வீட்டுக்குள் செருப்பு ஆகாது என்று மாமி முறைத்தால் முறைக்கட்டும். பழைய கார்ப்பெட்டை உரித்ததும் சுவரோரம் முழுக்க ஆணிப்பட்டை பல்லைக் காட்டும். துருப்பிடித்த முனைக்கு ஆசாரம் தெரியாது. தடித்த கையுறையும் கண்ணாடியும் வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் தாண்டியிருந்தால் அதையும் சாமான் பட்டியலில் எழுதுங்கள்.

அடியில் 9 அங்குலச் சதுரமாகப் பழைய தரைவில்லைகள் தென்பட்டால், சுத்தியலைக் கீழே வையுங்கள். 1980களுக்கு முந்திய வீடென்றால் அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோதித்துப் பார்க்கும்வரை உடைக்கவும் வேண்டாம், ஆணி அடிக்கவும் வேண்டாம். இந்த ஒரு பத்தியில் மட்டும் பகிடி கிடையாது.

அடுத்தது டாக் ஸ்ட்ரிப், அதாவது புது ஆணிப்பட்டை. ஓரங்குல அகலம், நாலடி நீளம், கால் அங்குலத் தடிப்பில் ஒரு ப்ளைவுட் பட்டை. அதன்மேல் சாய்வாக நிற்கும் ஊசிமுனைகள் சுவரைப் பார்க்க வேண்டும். அறையைப் பார்க்க அடித்தீர்களானால் கார்ப்பெட்டைப் பிடிக்காது, உங்கள் பாதத்தைப் பிடிக்கும். சுவரை ஒட்டியும் அடிக்கக் கூடாது. கார்ப்பெட் தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு இடைவெளி விடுங்கள். வெட்டிய விளிம்பைக் கடைசியில் அங்கேதான் செருக வேண்டும். துண்டு எவ்வளவு சின்னதானாலும் இரண்டு ஆணியாவது இறங்கட்டும். மெல்லிய கார்ப்பெட் என்றால் குட்டை முனைப் பட்டையாகக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் முனை மேலே எட்டிப் பார்க்கும். கான்கிரீட்டுக்குள் சூடாக்கும் குழாய் ஓடுகிறதா என்பதை அடிப்பதற்கு முன் விசாரியுங்கள். அடித்த பிறகு தண்ணீரே பதில் சொல்லும்.

கார்ப்பெட்டுக்கு அடியில் விரிக்கும் மெத்தையைப் பட்டையின் விளிம்போடு நிறுத்துங்கள், மேலே ஏற்றாதீர்கள்.

கார்ப்பெட்டை இழுப்பதில்தான் வீரம் வெளிப்படும். 'நீ கிக்கர்' என்ற கருவியின் மெத்தைப் பக்கத்தை முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையின் அடிப்பகுதியால் இடிக்க வேண்டும். முழங்கால் சில்லால் இடிப்பவர்கள் அதைப் பல வருடம் நினைவில் வைத்திருப்பார்கள். இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு முழங்கால் வீக்கம் நன்கு அறியப்பட்ட நோய். பெரிய அறைக்கு 'பவர் ஸ்ட்ரெச்சர்' வாடகைக்கு எடுங்கள். எதிர்ச்சுவரில் அதன் குழாயை முட்டுக்கொடுத்து நெம்புகோலை அழுத்தினால் போதும். அதற்கும் காசு மிச்சம் பிடித்தால் கொஞ்ச நாளில் நடு அறையில் அலை எழும்பும், கோப்பையோடு வரும் விருந்தாளி தடுக்கி விழுவார்.

உதவிக்கு மச்சானைக் கூப்பிடலாம். ஆனால் பட்டைத் துண்டுகளைத் தரையில் போட்டுவிட்டு இருவரும் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். மிச்சத்தைப் பழைய கார்ப்பெட் துண்டில் இறுகச் சுற்றி, டேப் ஒட்டி வெளியே வையுங்கள். வெறும் பையில் போட்டால் குப்பை எடுக்க வருபவரின் கையில் ஏறும். காசு மிச்சம் பிடித்தது அவரல்ல.