மறுகால் இல்லாத குளம்

வாரும் மருமவனே, வாரும். நீரு ஆபீசரான பொறவு உம்மள 'ஏலே'ன்னு கூப்பிட நாக்கு கூசுது. இந்தக் கயித்துக் கட்டில்ல இரும். கையில என்ன அது, கல்யாண ஆல்பம் கனத்துக்கு? 'மண்டல ஸ்கேன் சேவைத் திட்ட அறிக்கை'யா! அடுத்த பத்து வருசத்துக்கு மூணு மாவட்டத்துக்கும் நீருதான் தலையெழுத்து எழுதுதீராக்கும். நல்லாயிரும்.

நேத்தே உம்ம அத்தை கண்ணாடிய எடுத்துத் தந்தா, புரட்டிப் பாத்தேன். முதல் அம்பது பக்கமும் மிஷின் படம். பொண்ணு பாக்க அனுப்புத போட்டோ மாதிரி ஒவ்வொண்ணும் பளபளன்னு இருக்கு. ஓட்டுத ஆளை எங்கன்னு தேடுனேன். அறுவத்திரெண்டாம் பக்கத்துல ஒத்த வரி: 'தேவையான பணியாளர்கள் நியமிக்கப்படுவர்.' யாரு நியமிப்பா, எங்கன இருந்து, எப்ப? 'மழை பெய்யும், நெல்லு விளையும்'னு நானும்தான் எழுதுவேன் வே. அதுக்கு எதுக்கு ஜீப்பு, டிரைவர், பேட்டா?

இவருக்கென்ன ஸ்கேனைப் பத்தித் தெரியும்னு சிரிக்காதீரும். சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடிச்ச ஹவுன்ஸ்ஃபீல்டு சம்சாரி வீட்டுப் பிள்ளை. இங்கிலாந்துல பண்ணையில வளந்தவரு. பழைய இசைத்தட்டுல ஒரு நாய் குழாய்க்குப் பக்கத்துல உக்காந்து பாட்டுக் கேக்குமே, அந்த இ.எம்.ஐ. கம்பெனியிலதான் வேலை பாத்தாரு. 1971ல முதல் நோயாளி தலைய அதுல படம் எடுத்தாவ, 1979ல நோபல் பரிசு குடுத்தாவ. கலப்பை புடிச்ச வீட்டுல இருந்து வந்த சாமான்தான் அது. கேக்க எனக்கும் பாத்தியதை உண்டு.

அது போவ, நான் பட்டவன். போன ஐப்பசியில இடுப்பு புடிச்சுக்கிட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கணும்னாவ. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், உம்ம சட்டையில படும். இருவத்திரெண்டு நாள் தள்ளித் தேதி குடுத்தாவ. வாடகைக் கார் புடிச்சுப் போனா கதவு பூட்டு. மிஷினைப் பாக்குத ஒத்தப் பையனுக்குத் தங்கச்சி கல்யாணம். 'ஆளு இல்லாட்டா என்ன தாத்தா, உள்ள மிஷின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு'ன்னான் காவக்காரன். கேலி பண்ணுதான்னு நினைச்சேன். பாத்தா அது நெசம்! அந்தக் காந்தத்தை எப்பவும் திரவ ஹீலியத்துல, பூஜ்யத்துக்குக் கீழ 269 டிகிரி குளிர்ல வச்சிருக்கணுமாம். நோயாளி வந்தாலும் வராட்டாலும் சவம் கரண்டைக் குடிச்சுக்கிட்டே கெடக்கும். கறவை வத்துன மாட்டுக்குக்கூடத் தவிட்டைக் கொறைக்கலாம். இதுகிட்ட அந்தப் பேச்சே ஆவாது.

சரி, கணக்குக்கு வருவோம். ராவும் பகலும் சி.டி. அறையில ஒரு நாற்காலியில ஆளு இருக்கணும். 'மூணு ஷிப்டு, மூணு பேரு'ன்னு எழுதியிருக்கீரு. கடலைக் காட்டுக்குக் காவல் போட்டவன்கிட்ட வந்து இந்தக் கணக்கைச் சொல்லுதீரு பாத்தீரா! வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருத்தன் 48 மணி நேரம் பாத்தா மூணரை ஆளு வேணும். அந்த அரை ஆளை எந்தப் பக்கமா வெட்டி எடுக்கப் போறீரு? அதுவும் லீவே போடாதவனா இருந்தா. கோயில் கொடை வரும், காய்ச்சல் வரும், மாமியா சாவா. எல்லாத்தையும் கூட்டுனா அஞ்சு பேரு இல்லாம அந்த நாற்காலி நிறையாது. 2021ல இருந்து நம்ம மாநில அரசாங்கத்துல பிள்ளைப்பேறு லீவு ஒரு வருசம். நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடுதேன். அந்த ஒரு வருசத்துக்கு மாத்தாளு யாருன்னுதான் காணோம். ஸ்கேன் அறையில பெண்டுகளே இருக்கக் கூடாதுன்னு நினைச்சீரா, இல்ல அவுகளுக்குப் பிள்ளையே பொறக்கக் கூடாதுன்னா?

மிஷின் என்ன, ஆர்டரு போட்டா ஒரு வருசத்துல லாரியில வந்து எறங்கிரும். படத்தைப் பாத்து 'இது கல்லு, இது கட்டி'ன்னு எழுதுத டாக்டரு அப்பிடி வருவாரா? எம்.பி.பி.எஸ். அஞ்சரை, எம்.டி. மூணு, ஆக எட்டரை வருசம். நெட்டைத் தென்னைகூட ஆறேழு வருசத்துல பாளை விட்டுரும் வே. பத்து வருசம் உழைக்குத மிஷினை இன்னைக்கு வாங்கி வச்சுட்டு நாளைக்கு ஒரு பிள்ளைய மருத்துவக் கல்லூரியில சேத்தா, அது படிச்சு முடிச்சு வாரையில மிஷினுக்குப் பல்லு விழுந்திருக்கும். வந்தவரும் இங்கன இருப்பாரா? குவார்ட்டர்ஸ்ல தண்ணி வராது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முப்பது மைலு. மதுரையில இருந்து ஒரு போன் வந்தா பெட்டியக் கட்டிருவாரு. அதுக்கு உம்ம அறிக்கையில ஒரு பக்கம் உண்டா? கட்டடத்துக்கு டைல்ஸ் கலருக்கு ரெண்டு பக்கம் இருக்கு.

தாமிரபரணித் தண்ணி குடிச்சவன் இப்பிடித் திட்டம் போடலாமா? நம்ம பூட்டன்மாரு என்ன பிளானிங் படிச்சாவ? ஒரு குளம் நெறைஞ்சா மறுகால் பாஞ்சு அடுத்த குளத்துக்குப் போவும். அது நெறைஞ்சா அதுக்குக் கீழ உள்ளது. உம்ம திட்டத்துல குளம் குளமா வெட்டியிருக்கீரு, மறுகாலைக் காணோம். பெரியாஸ்பத்திரியில ரோடு வரைக்கும் வரிசை நிக்கும், பதினஞ்சு மைலுக்கு அங்கிட்டுத் தாலுகா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே மிஷின் மேல துணியப் போத்தி வச்சிருக்கும். மூணு மாவட்டத்துக்கும் ஒரே டோக்கன் கணக்குன்னு வச்சா, இங்க மிஞ்சுன கூட்டத்தை அங்க திருப்பலாம்லா? இங்க ஒருத்தன் லீவு போட்டா அங்க இருந்து ஒருத்தனை வரவழைக்கலாம்லா? குளத்துத் தண்ணியப் பங்கு வச்சுத் தெறந்து விட்ட நீர்பாய்ச்சிக்கு இருந்த அதிகாரம் உம்ம திட்டத்துல ஒருத்தனுக்கும் இல்ல.

படத்தைக் கம்பியில அனுப்பிச்சு வெளியூரு டாக்டருகிட்ட ரிப்போர்ட்டு வாங்கலாம்னு எழுதியிருக்கீரு. அது சரி, அதுல உம்மள மெச்சுதேன். சி.டி., எம்.ஆர்.ஐ., எக்ஸ்ரேக்கு அது ஆவும். மாசமா இருக்க பொண்ணோட வயித்து ஸ்கேனையும் அதே கட்டத்துல தூக்கிப் போட்டிருக்கீரே! அதுல டாக்டரு கைதான் கண்ணு. கருவிய வயித்துல வச்சு உருட்டுதவருக்குத்தான் தெரியும் எங்கன நிறுத்தணும்னு. இங்கிலாந்துல டாக்டரு அல்லாத, ஸ்கேன் எடுக்கப் படிச்ச ஸோனோகிராபர்மாரே பாத்துருதாவ. நம்ம நாட்டுல தகுதியுள்ள டாக்டருதான் பாக்கணும், அந்த இடமும் 1994 சட்டப்படி பதிவாகி இருக்கணும். ஆணா பொண்ணான்னு வாயைத் தொறந்தா ஜெயிலு. ஆக வயித்து ஸ்கேனுக்குக் கம்பி உதவாது, ஆளு வேணும்.

இந்த இங்கிலாந்துப் பேச்சு எங்க இருந்து வந்துச்சுன்னு முழிக்காதீரும். உம்ம அறிக்கையில இருந்துதான். எழுவதாம் பக்கத்துல 'பனிப்பொழிவு நாட்களில் மாற்று ஏற்பாடு'ன்னு ஒரு தலைப்பு இருக்கு. இது எந்தூருல பெஞ்ச பனி மருமவனே? களக்காட்டுலயா, கடையத்துலயா?

கோவிச்சுக்கிட்டு எந்திரிக்காதீரும், அத்தை காப்பி போடுதா. உம்ம அக்கா மவ இந்த வருசம் பன்னண்டாப்பு முடிச்சிருக்கால்லா? எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்குத படிப்பு படிக்கணும்னு ஆசைப்படுதா. மூணு வருசப் படிப்பு, ஒரு வருசப் பயிற்சி. நேத்து என் கால்மாட்டுல உக்காந்து, 'நான் முடிச்சு வாரப்ப நம்ம பக்கத்துல வேலை இருக்குமா தாத்தா, இல்ல ஒப்பந்தத்துல போட்டு மாசாமாசம் அலைய விடுவாவளா?'ன்னு கேட்டா. அதுக்குப் பதிலு இதுல எத்தனாம் பக்கத்துல இருக்கு? தேடி எடுத்துச் சொல்லிட்டுப் போரும். அவ உள்ளதான் இருக்கா.